எல்லை கடந்த மரபுத்தொடர்கள்

சோழநாட்டுக் கடற்கரையின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றாமலிராது. தெற்கே நாகப்பட்டினம், அங்கே 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். வடக்கே தரங்கம்பாடி, அங்கே 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர். இரண்டிற்கும் நடுவே காரைக்கால். 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற நிலம். நாகூரில் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கும் ஒருவர், இருட்டுவதற்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகளைப் பார்த்துவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது.

அந்த வழியில், காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே அமைந்த ஊர் கோட்டுச்சேரி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும். கிழக்கே கடலோரத்தில் கோட்டுச்சேரிமேடு என்னும் மீனவர் குடியிருப்பு. 1799-ல் தஞ்சை நாடு ஆங்கிலக் கும்பெனியின் கைக்குச் சென்றபின், காரைக்கால் பகுதி நிலப்புறம் முழுதும் ஆங்கில ஆட்சியால் சூழப்பெற்ற ஒரு தீவாயிற்று. அத்தீவின் வடகரையில் நின்ற ஊர் இது. ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் பொருள் வாங்கி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்கள், எல்லைக்கு இப்பால் பிரெஞ்சுச் சட்டத்திற்கும் அப்பால் ஆங்கிலச் சட்டத்திற்கும் உட்பட்டு வாழ்ந்தனர். இரண்டு ஐரோப்பிய மொழிகள் ஒரு தமிழ்மண்ணில் எவ்வெவ்வாறு கால் ஊன்றின என்பதை ஆராய விரும்புவோர்க்கு இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஊன்றிய முறை ஒன்றாக இல்லை என்பதே நான் இங்கே சொல்ல வந்தது. பிரெஞ்சு மொழி இங்கே சொற்களை விட்டுச் சென்றது. ஆங்கிலமோ தொடர்களை விட்டுச் சென்றது.

சொல் என்பது விருந்தினன். அவன் முகமும் உடையும் அவனை அயலான் என்று காட்டிக்கொடுத்துவிடும். புதுவையில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பெயர்களும் பட்டங்களும் தமிழ் எழுத்தில் ஏராளமாக வருகின்றன. ஆனால் அவருடைய வாக்கியங்கள் தமிழ் வாக்கியங்களாகவே நிற்கின்றன. காரைக்கால் மக்களின் பேச்சிலும் அப்படியே. நகரமன்றம் ‘மேரி’ ஆயிற்று, அதன் தலைவர் ‘மேர்’, பத்திரம் எழுதிப் பதிபவர் ‘நொத்தேர்’, பிறப்பு இறப்புப் பதிவு ‘எத்தா சிவில்’, ஊராட்சி ‘கொம்யூன்’. இவை யாவும் அலுவலகத்துப் பொருள்களின் பெயர்கள். அலுவலகம் போனால் பெயரும் போய்விடும். போகாவிட்டாலும் கேட்டவுடன் இது பரங்கிச் சொல் என்று தெரிந்துவிடும்.

மரபுத்தொடரின் இயல்பு வேறு. அதன் சொற்களைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் வரும் பொருள் ஒன்று. மக்கள் அதனால் உணர்த்தும் பொருள் மற்றொன்று. ‘கையைக் கடித்தது’ என்றால் நட்டம் வந்தது என்று நமக்குத் தெரியும். அயல்நாட்டான் நாயைத் தேடுவான். அத்தகைய தொடர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது, சொற்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு உள்ளூர்ச் சொற்களை உடுத்திக்கொண்டு வரும். ‘முதலைக் கண்ணீர்’, ‘வெள்ளை யானை’, ‘கறுப்பு ஆடு’, ‘சிவப்பு நாடா’, ‘தேனிலவு’ எனும் தொடர்களில் ஓர் எழுத்தேனும் அயல் எழுத்து உண்டா? இல்லை. ஆனால் அனைத்தும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஆகவேதான் சொற்களை எதிர்த்துப் போராடிய தனித்தமிழ் அன்பர்கள்கூடத் தொடர்களைக் கண்டுகொள்ளவில்லை.

கடலும் கயிறும்

ஆங்கிலேயரின் மரபுத்தொடர்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் ஒரு பெரும் பகுதி பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில் பிறந்தவை என்பது விளங்கும். புதிய வேலையில் நுணுக்கங்களை அறிந்துகொள்வதை அவர்கள் ‘கயிறுகளைக் கற்றுக்கொள்ளுதல்’ என்பர். பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் கப்பலில் எத்தனையோ கயிறுகள். எந்தக் கயிறு எதற்கு என்று இருட்டிலும் தடவி அறிகிறவனே மாலுமி. ‘பொதுவாகப் பார்க்குமிடத்து’ என்று நாம் சொல்லுமிடத்தில் அவர்கள் வழங்கும் ‘பை அண்டு லார்ஜ்’ என்ற தொடரும் அத்தகையதே. முன் சொல் காற்றை எதிர்கொண்டு நெருங்கி ஓடுவதையும், பின் சொல் காற்றைப் பின்னால் வாங்கித் தாராளமாக ஓடுவதையும் குறித்தன. இரு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பலே நல்ல கப்பல். இன்று அத்தொடரை எழுதும் எழுத்தர்களுள் ஆயிரத்தில் ஒருவராவது காற்றை நினைப்பாரா?

மரக்காயர் குடியினர்க்கு இவற்றை விளக்கவே வேண்டியதில்லை. நாகூரிலும் காரைக்காலிலும் பாய்மரத் தோணி கட்டி ஓட்டியவர்கள் அவர்கள். ஆங்கிலேயன் ‘தன் உண்மை நிறத்தைக் காட்டினான்’ என்று சொல்லும்போது, அந்த ‘நிறம்’ கப்பலின் கொடி என்பதை அவர்கள் உடனே அறிந்துகொள்வர். போலிக்கொடி ஏற்றி நெருங்கிவந்து, பீரங்கி எட்டும் தொலைவில் சொந்தக்கொடியை விரிக்கும் கடற்போர் தந்திரம் இக்கரை அறியாததன்று. ஆயினும் நம் மக்கள் அதே பொருளுக்கு ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்றனர். துணியும் சாயமும் இந்தக் கரையின் உயிர்த்தொழில். நீலச்சாயம் தோய்த்த துணிகளைப் பிரெஞ்சு வணிகர் ஆப்பிரிக்காவின் செனகல் வரை அனுப்பினர். முதல் சலவையில் சாயத்தின் நேர்மை தெரிந்துவிடும் என்பது சாயத்தொழில் நடந்த ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். ஒரே வஞ்சகத்தை ஒருவன் கொடியில் கண்டான். மற்றவன் துணியில் கண்டான்.

நமக்கும் கடல் தந்த தொடர்கள் உண்டு. பழி ஊருக்கெல்லாம் பரவினால் ‘மானம் கப்பலேறியது’ என்கிறோம். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவனை ‘கப்பல் கவிழ்ந்துவிட்டதா?’ என்று கேட்கிறோம். ஒரு காலத்தில் அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று விடைசொல்லத்தக்க குடும்பங்கள் இக்கரையில் இருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இங்கிருந்து அங்கே சென்றவற்றையும் மறக்கலாகாது. கோட்டுச்சேரிமேட்டு மீனவர் அறிந்த கட்டுமரம், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இடம்பெற்று, ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. பின்னர் அச்சொல்லுக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் சிரிப்பு வரும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சுவழக்கில் சண்டைக்காரப் பெண்ணுக்குக் ‘கட்டமரான்’ என்று பெயர்! நாலு மரத்தைக் கயிற்றால் பிணைத்து அலையைத் தாண்டுகிற ஏழை மீனவனின் ஊர்தி, இலண்டன் வீட்டுக்காரியின் வசவுப் பெயராயிற்று.

தொகுத்தவர்கள்

இரு மொழிகளின் தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பணியை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் பாதிரிமார்களே. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சபைத் தொண்டராயிருந்த பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர் சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவர். 1843-ல் யாழ்ப்பாணத்தில் தாம் முதலில் அச்சிட்ட பழமொழித் தொகுப்பை வளர்த்து, 1874-ல் 6,156 பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் வெளியிட்டார். ஜான் லாசரஸ் 1894-ல் இன்னும் பெரிய அகராதி ஒன்றைத் தந்தார். டேனிஷ் பாதிரியாரான ஹெர்மன் ஜென்சன் 1897-ல் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதினார். தரங்கம்பாடியின் கோட்டையை டென்மார்க் விற்று ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் டேனிஷ்காரருக்குத் தமிழின்மீது இருந்த பற்று விடவில்லை.

இவர்களுடைய சமய நோக்கம் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அவர்கள் செய்த பணியின் அருமையை மறுத்தல் அறமாகாது. ஒரு தொடரை அயல்மொழியில் பெயர்க்கும்போது எதைப் பெயர்க்க வேண்டும், சொல்லையா, சூழலையா என்ற கேள்வியை அவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் சந்தித்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நியூகாசில் என்பது இங்கிலாந்தின் நிலக்கரித் துறைமுகம். மிகுந்து கிடக்கும் இடத்திற்கே அப்பொருளைச் சுமந்து செல்லும் வீண்வேலையை ஆங்கிலேயர் ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது’ என்பர். இதை அப்படியே தமிழாக்கினால் கோட்டுச்சேரி உழவனுக்கு ஒன்றும் புரியாது. நியூகாசில் எங்கே என்று சொல்லி, நிலக்கரி எவ்வளவு என்று சொல்லி, கடைசியில் பொருளையும் சொல்ல வேண்டிவரும். அவனிடமோ ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்ற தொடர் ஏற்கெனவே இருக்கிறது. அரபிகள் இதனையே ‘ஹஜருக்குப் பேரீச்சம்பழம் ஏற்றுவது’ என்றனர். ஹஜர் கிழக்கு அரபகத்தில் பேரீச்சந்தோப்பு நிறைந்த நாடு. பாரசீகர் ‘கிர்மானுக்குச் சீரகம்’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘ஆற்றுக்குத் தண்ணீர் சுமப்பது’ என்றனர். ஐந்து மொழிகள், ஐந்து சரக்குகள், ஒரே மடமை!

மலபாரிலும் தஞ்சையிலும் நீதிபதியாக இருந்த பர்னல் என்னும் அறிஞரைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சை அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் அமைத்தவர் இவர். இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொற்களையும் தொடர்களையும் கர்னல் யூல் என்பாருடன் சேர்ந்து தொகுத்தார்; 1882-ல் அவர் மறைந்தபின் 1886-ல் அந்நூல் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஹாப்சன் ஜாப்சன்’. யாரோ இரண்டு ஆங்கிலேயரின் பெயரென்று எண்ணவேண்டாம். முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்ற குரல், ஆங்கிலச் சிப்பாய்களின் செவியில் அவ்வாறு விழுந்தது. கர்பலாவின் கண்ணீர், பாளையத்தில் வேடிக்கைப் பெயராகிவிட்டது. மரபுத்தொடர்கள் எல்லை கடக்கும்போது என்னென்ன இழக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒட்டகமும் மலையும்

ஆங்கிலேயர் நாட்டில் ஒட்டகம் இல்லை. ஆனால் அவர்கள் மொழியில் ஒட்டகம் நடமாடுகிறது. பொறுமையின் எல்லையில் வந்து சேரும் சிறு தொல்லையை ‘ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோல்’ என்பர். அரபியிலும் இதே தொடர் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலோ ஒட்டகத்திற்குப் பதில் குதிரையும், வைக்கோலுக்குப் பதில் இறகும் இருந்தன. இறகு என்றதும் தமிழர் நினைவு எங்கே செல்லும்? மெல்லிய மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தை நினையாதவர் உண்டோ? ஆங்கிலத் தொடருக்குப் பொருள் கேட்கும் மாணவனிடம் அந்தக் குறளைச் சொன்னால் போதுமே! கோட்டுச்சேரியின் வண்டிக்கும் அச்சு இருந்தது.

இயலாததைக் குறிக்க ‘ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது’ என்பர் ஆங்கிலேயர். விவிலியத்திலிருந்து அவர்கள் மொழிக்கு வந்த உவமை இது. திருமறையின் ஏழாம் அத்தியாயமாகிய அல்அஃராஃபின் 40ஆம் வசனத்திலும் இவ்வுவமை இடம்பெற்றுள்ளதை நம் வாசகர் அறிவர். அவ்விடத்தில் ஒட்டகத்தைக் குறிக்கும் சொல்லை, கப்பலைக் கட்டும் பருத்த வடம் என்று பொருள்படும்படி ஓதும் முறை ஒன்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. விரிவுரையாளர் பெரும்பாலோர் ஒட்டகம் என்றே கொண்டனர். எனினும் கடற்கரையில் வாழும் நமக்கு, நூலுக்குரிய துளையில் வடத்தை நுழைக்க முயலும் காட்சி எத்துணை நெருக்கமாக இருக்கிறது!

இனிச் சொல்லப்போவது சற்று வருத்தந்தரும் செய்தி. ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியல்களில் ‘மலை முஹம்மதிடம் வராவிட்டால், முஹம்மது மலையிடம் செல்ல வேண்டும்’ என்றொரு தொடர் தவறாமல் காணப்படும். பிறர் இறங்கி வராதபோது நாமே இறங்கிச் செல்லவேண்டும் என்பது அதன் வழக்குப்பொருள். இதை இங்கிலாந்தில் பரப்பியவர் பிரான்சிஸ் பேக்கன். 1625-ல் வெளிவந்த கட்டுரைகளில், துணிச்சலைப் பற்றி எழுதும்போது, நாயகம் (ஸல்) அவர்கள் மலையை அழைத்ததாகவும், அது வராமற்போகவே நாணமின்றி அதனிடம் தாமே சென்றதாகவும் ஒரு கதையைக் கூறுகிறார். வாய்வீச்சுக்காரரின் துணிவுக்கு அவர் காட்டும் உவமை அது! ஹதீஸ் தொகுப்புகளில் இக்கதைக்கு இடமில்லை. திருமறையோ நேர்மாறானதைச் சொல்கிறது. அற்புதங்களைக் காட்டுமாறு மக்கத்துக் குறைஷியர் அறைகூவியபோது, தாம் ஒரு மனிதத் தூதரேயன்றி வேறில்லை என்று மறுமொழி கூறும்படியே நபிகளார் பணிக்கப்பட்டார்கள் என்பதைப் பதினேழாம் அத்தியாயத்தில் காணலாம்.

காரைக்காலில், நாகூரில், கீழக்கரையில் பயிலும் முஸ்லிம் மாணவன் இத்தொடரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறான். பொருளை எழுதி மதிப்பெண் பெறுகிறான். கதை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. அதனால் அது தன் மார்க்கத்து வரலாறு என்றே அவன் எண்ணிக்கொள்ளவும் கூடும். இத்தொடரைப் பாடத்திலிருந்து நீக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆங்கிலம் படிப்போர் அதைச் சந்தித்தே தீர்வர். கதையின் பிறப்பிடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, ‘கிணறு தாகமுள்ளவனைத் தேடி வருமா?’ என்ற நம் வழக்கையும் அருகே வைத்தால் ஆசிரியர் கடமை நிறைவேறும்.

செய்தித்தாள் செய்த வேலை

ஆங்கிலத் தொடர்கள் தமிழுக்குள் திரளாக நுழைந்த வாயில் எது? பாதிரிமார்களின் அச்சகம் ஒரு வாயில். நீதிமன்றம் மற்றொன்று. பெருவாயில் செய்தித்தாளே. 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கினார். 1887-ல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். உலகச் செய்தி ஆங்கிலத் தந்தியாக வரும், அச்சுக்கோப்பவர் காத்துக்கொண்டிருப்பார், துணையாசிரியர் விரைந்து தமிழாக்க வேண்டும். சூழலுக்கு நிகரான தொடரை நினைத்துப் பார்க்க அங்கே ஏது நேரம்? சொல்லுக்குச் சொல் வைத்து அனுப்பிவிடுவர்.

சுதேசமித்திரனில் அந்தப் பணியைச் செய்து பழகியவர் பாரதியார். சபைகளில் ‘மெம்பர்’ என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல் தேடி அவர் பட்ட பாடு அவருடைய கட்டுரையிலேயே பதிவாகியுள்ளது. எழுத எண்ணிய விஷயத்தை ஆங்கிலம் அறியாத தமிழன் ஒருவனுக்கு முதலில் வாயால் சொல்லி விளங்கவைத்துவிட்டு, அதன்பின் எழுது என்றும் அவர் அறிவுரை கூறினார். அவர் 1908 முதல் பத்தாண்டுகள் தங்கியிருந்த புதுவையோ ஆங்கிலம் அறியாத தமிழர் நிறைந்த பிரெஞ்சுப் பூமி. அவ்வறிவுரையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆள் தேட வேண்டியிருந்திராது!

அவ்வறிவுரையைப் பின்பற்றாததன் விளைவு ‘வெள்ளை யானை’. ஐராவதம் தமிழிலக்கியத்தில் பெருமைக்குரியது. சயாம் மன்னர் தமக்குப் பிடிக்காத அதிகாரிக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, தீனிச் செலவால் அவனை அழித்தார் என்ற கதையை நம்பிய ஆங்கிலேயர் அதை வீண்செலவின் சின்னமாக்கினர். இன்று நம் செய்தித்தாள்களில் வெள்ளை யானை அரசாங்க நட்டத்தையே குறிக்கிறது; ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்ற நம் தொடர் வீட்டுக் கிழவிகளோடு ஒதுங்கிக்கொண்டது. ‘முதலைக் கண்ணீர்’ கதையும் அதுவே. கொள்ளிடத்து முதலையை அறிந்த நம் மக்கள் அதன் பல்லைக் கண்டிருந்தார்கள். கண்ணீரை ஒருவரும் தேடவில்லை. ‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’ என்பதில் உள்ள நகைச்சுவை முதலைக்கு வருமா?

நன்றாய் வந்தவையும் உண்டு. இசைவு தருவதை ஆங்கிலேயர் ‘பச்சை விளக்கு’ என்பர். நாமோ ‘பச்சைக்கொடி காட்டினார்’ என்கிறோம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ல் இருப்புப்பாதை வந்தது. புகைவண்டி நிலையத்தில் மக்கள் கண்ணெதிரே அசைந்தது கார்டு கையிலிருந்த கொடியே. கண்ட பொருளை வைத்துத் தொடரைச் செய்துகொண்டார்கள். இது கடன் வாங்கியதாயினும் நம் பட்டறையில் வார்த்தது.

இரண்டு இலத்தீன் தொடர்கள்

காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு கிளை சைகோனுக்குச் சென்று பிரெஞ்சு பேசும். மற்றொரு கிளை பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சென்று மலாயும் ஆங்கிலமும் பேசும். சைகோன் நகரின் நடுவே 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் கோட்டுச்சேரியில் முன்னேற விரும்பிய இளைஞனுக்குப் பிரெஞ்சே ஏணி; ஆங்கிலம் எல்லைக்கு அப்பாலுள்ளவர் மொழி.

1954-ல் அந்த ஏணி சாய்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. ஆனால் அது ‘தெ ஃபாக்தோ’ மாற்றம், நடைமுறையில் மட்டும். ‘தெ ஜூரே’ மாற்றம், அதாவது சட்டப்படியான மாற்றம், 1956 மே 28-ல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ல் நடப்புக்கு வந்தபோதே ஏற்பட்டது. இரண்டும் இலத்தீன் தொடர்கள். ஐரோப்பிய வழக்கறிஞர் எந்த மொழியில் எழுதினாலும் அவற்றை மொழிபெயர்க்காமல் வழங்குவர். அவ்விரு தொடர்களுக்கு நடுவே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் காரைக்கால் மக்கள் வாழ்ந்தார்கள். வரி கட்டியது இந்திய அதிகாரியிடம். சட்டப்படி நாடோ பிரான்ஸ்.

இது வெறும் ஏட்டுச் சொல்லாட்சியாக நின்றுவிடவில்லை. அந்நிலத்திலேயே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்களாவர் என்றும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்றும் உடன்படிக்கை கூறியது. ‘தெ ஜூரே’ என்ற தொடரின் பொருளை உணர்ந்து உரிய நாளில் எழுதிக்கொடுத்த வீட்டின் பேரர்கள் இன்று பிரான்சில். எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி வாளாவிருந்தவர்க்கு அவ்வாயில் அடைபட்டது. புதுவை, காரைக்கால் மக்களின் குடியுரிமை வழக்குகள் பிற்காலத்தில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் வரை சென்றன. ஒரு தொடரின் வழக்குப்பொருள் தெரியாமையால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உடன்படிக்கை பிரெஞ்சை ஆட்சிமொழியாக நீடிக்கவைத்திருந்தது, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை. 1965-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஏற்று, ஆங்கிலத்திற்கும் இடந்தந்தது. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் கோட்டுச்சேரிப் பிள்ளைகள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்குத் திரும்பினர். நாடெங்கும் வழங்கிய ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் அவர்கள் கைக்கும் வந்தது. அந்த ரென் என்பவர், பிரெஞ்சு அயல்படையைப் பற்றி 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலை எழுதிய அதே பி. சி. ரென்தான் என்பதைக் காரைக்கால் வாசகர் அறிந்தால் மகிழ்வர்.

இலக்கண நூல்களின் பின்பக்கங்களில் மரபுத்தொடர்ப் பட்டியல் இருக்கும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் எளிய ஆங்கிலத்தில் பொருள். மாணவர் வாய்பாடு போல் ஒப்பிப்பர். இம்முறையை என்னால் ஒப்ப இயலவில்லை. தொடரை அறியாதவனுக்கு அதே அறியாத மொழியில் பொருள் கூறுவது, குருடனுக்கு மற்றொரு குருடனைத் துணையனுப்புவது போன்றது. ‘நட்டாற்றில் விட்டான்’ என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கும் காவிரிப் படுகைச் சிறுவனிடம், ஆங்கிலேயன் அதைத்தான் ‘லர்ச்சில் விடுதல்’ என்கிறான் என்று சொன்னால், சாகும்வரை மறப்பானா?

அந்த ‘லர்ச்’ பிரெஞ்சுக்காரர் ஆடிய ‘லூர்ஷ்’ என்னும் ஒரு பழைய காய் ஆட்டத்தின் பெயர். அதில் மீளமுடியாதபடி பின்தங்கியவனின் நிலை அது. இவ்வாறே, முகத்துதி செய்து காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் ‘கறி ஃபேவர்’ என்பர். நம் மாணவர் இதைக் கண்டவுடன் ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டு, விருந்துபோட்டு வசப்படுத்துவது என்று விளக்கம் சொல்வதுண்டு. பொருத்தமான விளக்கந்தான், காரைக்கால் பிரியாணியின் வலிமையை அறிந்தவர் மறுக்கமாட்டார்! ஆனால் வரலாறு வேறு. குதிரைக்கு மேனி தேய்த்துவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே இந்தக் ‘கறி’. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் எழுந்த ஓர் அங்கதக் காவியத்தின் தலைவன் ஃபோவெல் என்னும் பழுப்புக்குதிரை. அரசரும் குருமாரும் வரிசையாய் வந்து அதன் உடலைத் தேய்த்துப் பணிவிடை செய்வர். ஆங்கிலேயர் அக்குதிரையின் பெயரைக் காது தப்பிக் கேட்டு ‘ஃபேவர்’ ஆக்கிவிட்டனர்.

பிரெஞ்சை மறந்து ஆங்கிலத்தைக் கற்க அமர்ந்த கோட்டுச்சேரி மாணவன், அந்தப் பட்டியலின் நடுவே தன் பாட்டனார் படித்த மொழியையே படித்துக்கொண்டிருந்தான். அவன் ஊர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றே எழுதியிருக்கிறது.